பழைய காரைக் கொடுக்க மனசு இருக்கிறது, வந்து எடுத்துப்போகத்தான் ஆள் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தெருவோரமாக மாதக்கணக்கில் நகராமல் நிற்கும் கார்களைப் பற்றி நம் பத்திரிகையில் அவ்வப்போது செய்தி வருகிறது. போக்குவரத்துக்கு இடைஞ்சல், அடியில் தண்ணீர் தேங்கிக் கொசு, குப்பை வண்டி தெருவுக்குள் திரும்ப முடியவில்லை, எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் கார்களின் சொந்தக்காரர்கள் ஏன் அதை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்களில் பல பேர் அந்த வண்டியை முதியோர் இல்லம் மாதிரி ஏதாவது ஒரு இல்லத்துக்கோ சிறப்புப் பள்ளிக்கோ தருமமாகக் கொடுத்துவிடத் தயாராக இருக்கிறார்கள், கொடுப்பதற்குத்தான் வழி தெரியவில்லை. வீட்டுக்கே வந்து, காசு வாங்காமல் வண்டியை ஏற்றிக்கொண்டு போய், ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றில் பெயரையும் மாற்றி முடிக்கிற ஒரு ஏற்பாடு கடலூருக்கும் புதுச்சேரிக்கும் பொதுவாக வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், இடம் இருந்தால் முழுதாகப் போடுங்கள்.

நான் ஒரு பொதுத்துறை இன்சூரன்ஸ் கம்பெனியில் மோட்டார் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது கடலூர் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கணக்கு வழக்கு பார்த்துக் கொடுக்கிறேன். அதனால் கொடுக்க நினைக்கிறவர்கள் படுகிற பாடும் தெரியும், வாங்கிக்கொள்கிறவர்கள் படுகிற பாடும் தெரியும்.

மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், அந்தப் பக்கம் லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம், எந்தத் தெருவுக்குள் போனாலும் ஒரே கதைதான். அப்பா ஆசையாக வாங்கிய மாருதி 800, சான்ட்ரோ, வேகன் ஆர், இல்லையென்றால் ஒரு ஆம்னி. அப்பா போய்விட்டார், பிள்ளைகள் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. ஆரம்பத்தில் வாரத்துக்கு ஒரு தடவை பக்கத்து வீட்டுப் பையன் வந்து ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் ஓட விடுவான், அப்புறம் அவனும் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விடுவான். பேட்டரி இறங்கும், இன்சூரன்ஸ் முடியும், பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி.யே காலாவதியாகும்.

அதிலும் நம்முடையது கடற்கரை ஊர். கடலை விட்டுத் தள்ளியிருக்கிற ஊரில் பத்து வருஷம் நின்றால் ஆகிற கேடு இங்கே மூன்று நான்கு வருஷத்திலேயே ஆகிவிடுகிறது. தேவனாம்பட்டினம் காற்று படுகிற தெருவில் நிற்கிற காரைப் போய்ப் பாருங்கள். கதவின் அடி விளிம்பில் பெயின்ட் கொப்புளமாக எழும்பியிருக்கும், கட்டைவிரலால் அழுத்தினால் தகடு அப்படியே பொடியாக உதிரும். கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கிற பள்ளத்தில் வேப்பஞ்சருகு மக்கி அடைத்துக்கொண்டு, மழைத்தண்ணீர் வெளியே வடிய வழியில்லாமல் உள்ளே கால் வைக்கிற இடத்துக்கு இறங்கியிருக்கும். பானெட்டைத் தூக்கினால் எலி கடித்த ஒயர். இதற்கு மேல் 2024 நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் வேறு வந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை, கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்துதான் ஆட்களை மீட்டார்கள், அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாக வந்து கடலூர் பக்கத்தை மூழ்கடித்தது. பழைய கார் வைத்திருக்கிறவர்கள் பெரும்பாலும் அடுத்தவருக்கு ஆகிற நஷ்டத்துக்கான தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும்தான் போட்டிருப்பார்கள், அந்தப் பாலிசியில் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு ஒரு பைசா கிடைக்காது. ஆகவே அந்த வண்டிகள் எல்லாம் அப்படியே நின்றுபோயின, இன்னும் நிற்கின்றன.

விற்றுவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். இந்த வயசு வண்டிக்குப் பழைய கார் வாங்குகிற பெரிய கம்பெனிக்காரர்கள் வீடு வரைக்கும் வரமாட்டார்கள். புரோக்கர் வந்து பார்த்து, காயலான் கடை விலைதான் சொல்லுவார். மாருதி 800 காரின் மொத்த எடையே சுமார் 650 கிலோ, அதை இரும்பு விலைக்குக் கணக்குப் போட்டால் என்ன வந்துவிடும்? அப்பா தினமும் துடைத்துத் துடைத்து வைத்திருந்த வண்டியை அந்த விலைக்கு எடைக்குப் போடப் பல வீட்டில் மனசு வருவதில்லை. அதையே ஒரு நல்ல காரியத்துக்கு இனாமாகக் கொடு என்றால் உடனே தலையாட்டுகிறார்கள். நம்ம ஜில்லாக்காரர்களுக்குக் கொடுத்துப் பழக்கம் உண்டு சார். வடலூர் தருமச்சாலையில் 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்றால், சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அரிசியும் காய்கறியும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டே இருப்பதால்தான். பிறந்தநாள், கல்யாண நாள், அப்பா திதி எதுவானாலும் இல்லத்துக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டாத குடும்பம் எங்கள் ஊரில் குறைவு. அரிசி மூட்டையைக் கொடுக்கத் தெரிந்த ஊருக்குக் காரைக் கொடுக்கத் தெரியாமல் இருப்பதற்குக் காரணம் காகிதம்தான்.

அந்தக் காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாச் சிக்கலும் இங்கேதான்.

கார் என்பது பீரோ, கட்டில் மாதிரி தூக்கிக் கொடுத்துவிட்டுக் கை கழுவுகிற பொருள் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவுப்படி, விற்றாலும் சரி இனாமாகக் கொடுத்தாலும் சரி, கொடுத்தவர் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அதற்குத்தான் பாரம் 29, பாரம் 30. இது நடக்காத வரைக்கும் சட்டத்தின் கண்ணில் வண்டி கொடுத்தவருடையதுதான். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அடித்துச் சொல்லிவிட்டது. அந்தக் கார் பல கை மாறியிருந்தது, விபத்து நடந்தபோது வண்டி வேறொருவரிடம் இருந்தது, ஆனாலும் ஆர்.சி.யில் யார் பெயர் இருந்ததோ அவர்தான் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியாக இருந்து இப்படி ஒன்று நடந்தால் அந்தக் குடும்பம் வீட்டை விற்றுத்தான் கட்ட வேண்டியிருக்கும். நல்ல மனசோடு கொடுத்தவருக்கு இந்த நிலைமை வரலாமா?

சரி, பெயர் மாற்றிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தால், மாற்றுகிற அன்றைக்கு வண்டிக்கு நடப்பில் இன்சூரன்ஸ் இருக்க வேண்டும், புகைச் சான்று இருக்க வேண்டும், பழைய கடனுக்காக ஹைப்பாதிகேஷன், அதாவது பேங்குக்கு அடமானம் என்ற குறிப்பு, ஆர்.சி.யில் இருந்தால் பேங்கில் என்.ஓ.சி. என்கிற ஆட்சேபணை இல்லை கடிதம் வாங்கி, பாரம் 35 கொடுத்து அதை எடுக்க வேண்டும். கடன் முடிந்து பத்து வருஷம் ஆகியிருக்கும், ஆர்.சி.யில் பேங்க் பெயர் அப்படியே இருக்கும், இது எவ்வளவு பேர் வீட்டில் என்று சொல்லி மாளாது. சொந்தக்காரர் இறந்துபோயிருந்தால் இன்னும் கஷ்டம். முப்பது நாளுக்குள் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பாரம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றியிருக்க வேண்டும், யாரும் மாற்றுவதில்லை. ஆன்லைனில் பண்ணலாம் என்று அரசாங்கத்தின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாஹனுக்குப் போனால் ஓ.டி.பி. அப்பாவின் பழைய போன் நம்பருக்குப் போகிறது, அந்த நம்பரோ எப்போதோ கட்டாகிவிட்டது. எழுபது வயது அம்மா தாசில்தார் ஆபீசுக்கும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் அலைந்து இத்தனையும் முடித்துவிட்டு வண்டியை இனாமாகக் கொடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் கார் போர்ட்டிகோவிலேயே நிற்கிறது.

இப்போது வாங்கிக்கொள்கிறவர்கள் பக்கம் வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு இல்லத்துக்கு, பெயர் வேண்டாம், ஒரு குடும்பத்தார் நல்ல எண்ணத்தோடு ஒரு வேன் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பாரங்களில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார்கள். வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பதினைந்து வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கிற கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, இருபது வருஷம் தாண்டியதற்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். வண்டியைச் சரிபண்ணிக் காட்டுவதற்கு பாடி வேலை, பெயின்ட், டயர் என்று தனிச் செலவு. அதற்கு மேல் இன்சூரன்ஸ். 2022-ல் நிர்ணயித்தபடி 1000 சி.சி.க்குள் உள்ள காருக்குத் தேர்ட் பார்ட்டி மட்டுமே வருஷத்துக்கு 2,094 ரூபாய், 1500 சி.சி. வரைக்கும் 3,416 ரூபாய், வரி தனி. டிரைவர் சம்பளம், பெட்ரோல் எல்லாம் அப்புறம். அந்த இல்லத்தை நடத்துகிற அம்மா என்னிடம் சொன்னது இன்னும் மனசில் நிற்கிறது: "சார், குடுக்க வந்தவங்ககிட்ட வேணாம்னு சொல்ல வாய் வரல. வச்சுக்கவும் எங்களால முடியல. விக்கலாம்னா பேர் எங்களது இல்ல." இருபத்தைந்து பேருக்குச் சமைத்துப் போடவே மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரரிடம் தவணை கேட்கிற இடம் அது. அவர்கள் தலையில் நாம் ஒரு செலவை ஏற்றி வைத்துவிட்டுத் தருமம் செய்ததாக நினைத்துக்கொண்டு போகிறோம், எனக்கு இது பொறுக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், கார் நேராக இல்லத்துக்குப் போக வேண்டியதில்லை. நடுவில் ஒரு ஏற்பாடு வேண்டும். கார் அதனிடம் போக வேண்டும், பெரும்பாலான கார்கள் அங்கே பணமாக மாறி, அந்தப் பணம் இல்லத்துக்குப் போக வேண்டும்.

என் தங்கை மகள் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். அவர்கள் வீட்டுப் பழைய காரை ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். அங்கே இது சர்வ சாதாரணம். போன் பண்ணினால் நாள் குறித்து டோ வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகிறது, கொடுக்கிறவருக்குச் செலவே கிடையாது, வண்டி ஓடாவிட்டாலும் பரவாயில்லை. டைட்டில் என்கிற உரிமைப் பத்திரத்தில் கையெழுத்து போட்டுக் கொடுத்தால் சரி. தொண்டு நிறுவனம் அதை வைத்துக்கொள்வதில்லை, பெரும்பாலும் ஏலத்தில் விற்றுக் காசாக்கிவிடுகிறது. 500 டாலருக்கு மேல் போனால் 1098-சி என்று ஒரு படிவம் வீட்டுக்கு வரும், அதில் வண்டி எவ்வளவுக்கு விற்றது என்று இருக்கும், பொதுவாக அந்தத் தொகையை மட்டும்தான் வருமான வரிக் கணக்கில் கழிக்கலாம். முன்பெல்லாம் கொடுத்தவர்களே இஷ்டத்துக்கு ஒரு விலை போட்டுக் கழித்துக்கொண்டிருந்தார்கள், 2005 முதல் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். அங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்லவில்லை. நடுவில் நின்று வண்டியை விற்றுக் கொடுக்கிற கம்பெனிகள் பெரும்பங்கைச் செலவுக் கணக்கில் எடுத்துக்கொண்டு, இல்லத்துக்கு மிச்சத்தைக் கொடுத்ததாகப் புகார் எழுந்து மாநில அரசுகள் விசாரித்திருக்கின்றன. அதையும் தெரிந்துகொண்டு நாம் ஆரம்பிப்பது நல்லது.

நம் ஊரில் இது எப்படி நடக்கலாம் என்று என் அனுபவத்தில் தோன்றுவதைச் சொல்கிறேன்.

ஒரே ஒரு போன் நம்பர். கூப்பிடுகிறவரிடம் வண்டி நம்பரும் ஆர்.சி. போட்டோவும் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டால், கடன் பாக்கி, அபராதச் சலான், இன்சூரன்ஸ், ஆர்.சி. தேதி எல்லாம் அன்றைக்கே பார்த்துவிடலாம். வாரிசுச் சான்று வேண்டுமா, பேங்க் என்.ஓ.சி. வேண்டுமா என்று அப்போதே தெரிந்துவிடும், அதை வாங்கித் தர ஒரு தன்னார்வலர் கூடப் போக வேண்டும். ஓய்வு பெற்ற போக்குவரத்துத் துறை ஊழியர்கள், பேங்க் ஊழியர்கள், எங்களைப் போல இன்சூரன்ஸ்காரர்கள் எத்தனை பேர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறோம், இதற்குக் கூப்பிட்டால் வரமாட்டோமா?

காகிதம் தயாரான பிறகுதான் வண்டி எடுக்கப் போக வேண்டும். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகிற வேலை வேண்டாம், வருஷக்கணக்கில் நின்ற காருக்குப் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கும், நடு ரோட்டில் சக்கரம் பூட்டிக்கொண்டால் பின்னால் வருகிறவனுக்கு ஆபத்து. தூக்கி வைத்துக்கொண்டு போகிற ரெக்கவரி வண்டிதான் சரி. புதுச்சேரியிலும் கடலூரிலும் அப்படி வண்டி வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள், ராத்திரி நேரத்தில் விபத்து வண்டிகளைத் தூக்குகிறவர்கள்தான். மாதத்துக்கு ஒரு நாள் அவர்களில் ஒருவர் டீசல் செலவுக்கு மட்டும் வருவதென்றால் நான்கைந்து கார்களை ஒரே சுற்றில் எடுத்துவிடலாம், ஒரு மாதம் திருப்பாதிரிப்புலியூர், செம்மண்டலம், அடுத்த மாதம் முத்தியால்பேட்டை, வில்லியனூர் என்று பகுதி பிரித்துக்கொண்டால் செலவு இன்னும் குறையும். அந்த டீசல் செலவைக் கொடுக்கிறவரிடம் கேட்கக் கூடாது, வண்டி விற்ற காசிலிருந்து எடுத்து அதைக் கணக்கில் காட்ட வேண்டும். இனாமாகக் கொடுக்கிறவர் கையிலிருந்து ஆயிரம் ரூபாய் செலவாகும் என்றால் அந்தக் கார் வெளியே வராது.

வீட்டு வாசலில் நடக்க வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் ஒன்றும் விடக் கூடாது. வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கிற சேசிஸ் நம்பர் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து பாரத்தில் ஒட்ட வேண்டும். நின்று துருப்பிடித்த வண்டியில் இதுவே அரை மணி நேரம் இழுக்கும், முதலில் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, உப்புத்தாள் போட்டு லேசாகத் தேய்த்தால்தான் எண் தெரியும். வேகமாகத் தேய்த்துவிட்டால் எண்ணே அழிந்து வண்டி திருட்டு வண்டி கணக்கில் சந்தேகத்துக்கு ஆளாகிவிடும், அதனால் தெரிந்த மெக்கானிக் ஒருவர் கூட இருக்க வேண்டும். அப்புறம் ரசீது. அதில் வண்டி நம்பர், ஓடிய கிலோமீட்டர், எடுத்த தேதி மட்டும் இல்லை, எடுத்த மணி நேரமும் எழுத வேண்டும். ஆர்.சி. மாறுகிற வரைக்கும் நஷ்டஈட்டுப் பொறுப்பு தீராது என்றாலும், பதினோரு மணிக்கு வண்டி கை மாறியது என்று இருந்தால் பன்னிரண்டு மணிக்கு நடப்பதற்குக் கொடுத்தவர் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று வாதாடவாவது முடியும். ஃபாஸ்டாக் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு பேங்கில் சொல்லி அந்தக் கணக்கை மூடச் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு யாரோ மொரட்டாண்டி டோல்கேட்டைத் தாண்டும்போது உங்கள் காசு போகும். கிளவ் பாக்ஸில், சீட்டுக்கு அடியில் இருக்கிறதை எல்லாம் எடுத்துவிடுங்கள். ஒரு வீட்டில் சீட்டுக்கு அடியிலிருந்து இறந்துபோனவரின் கண்ணாடி கிடைத்தது, அந்த அம்மா அதைக் கையில் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

எடுத்த வண்டியை மூன்று விதமாகப் பிரிக்கலாம். நல்ல நிலையில் ஓடுகிற, ஆயுள் பாக்கி இருக்கிற வண்டி, ஒரு இல்லம் எங்களுக்கு வண்டியே வேண்டும் என்று எழுதிக் கேட்டிருந்தால் மட்டும் அவர்கள் பெயருக்கு மாற்றி, முதல் வருஷ இன்சூரன்ஸையும் போட்டுக் கொடுக்கலாம். ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு மாதா மாதம் நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு போகிற இல்லங்களுக்கு ஒரு ஆம்னி எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும், ஒரு தடவை ஆட்டோ வைத்துக்கொண்டு கடலூரிலிருந்து ஜிப்மர் இருக்கிற கோரிமேட்டுக்குப் போய்வருகிற செலவு அவர்களுக்கு ஒரு நாள் காய்கறிச் செலவு. ஓடுகிறது, ஆனால் யாருக்கும் தேவையில்லை என்றால் விற்றுப் பணத்தைக் கொடுக்கலாம். முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ வந்தாலும் அது அரிசியாக மாறும்.

ஓடவே ஓடாத வண்டி என்றால் தயவுசெய்து காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள். அங்கே காரை வெட்டிவிடுவார்கள், ஆர்.சி. உயிரோடு இருக்கும், அந்த நம்பர் பிளேட்டும் சேசிஸ் துண்டும் எந்தத் திருட்டு வண்டியில் போய் ஏறும் என்று சொல்ல முடியாது. வண்டியை அழித்தால் 14 நாளுக்குள் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்று சட்டத்தின் 55-வது பிரிவு சொல்கிறது, அதை யாரும் செய்வதில்லை. 2021-ல் வந்த விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற உடைப்பு மையங்கள் இருக்கின்றன. அங்கே போட்டால் வண்டியை ஒப்படைத்ததற்கான டெபாசிட் சான்றிதழ் கிடைக்கும், பதிவும் ரத்தாகும், இரும்புக் காசும் வரும். அந்தச் சான்றிதழை வைத்துப் புதுக்கார் வாங்கினால் பதிவுக் கட்டணம் இல்லை, சாலை வரியில் 25 சதவீதம் வரைக்கும் மாநிலங்கள் சலுகை தரலாம் என்று மத்திய விதியில் இருக்கிறது. கொடுத்தவருக்கு அந்தச் சான்றிதழ், இல்லத்துக்கு அந்தக் காசு என்று பிரித்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் நல்லது. என்ஜின் மட்டும் நன்றாக இருக்கிற வண்டிகளில் ஒன்றிரண்டை, பதிவை ரத்து செய்துவிட்டு, கடலூர் அரசு ஐ.டி.ஐ.க்கோ லாஸ்பேட்டை மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக்குக்கோ கேட்டுப் பார்த்துக் கொடுக்கலாம், பிள்ளைகள் கழற்றி மாட்டிப் பழக ஓடாத என்ஜினும் போதும்.

எல்லை விஷயம் ஒன்று இருக்கிறது, அதை நம் ஊர்க்காரர்களுக்குத்தான் சொன்னால் புரியும். வரி குறைவு என்று புதுச்சேரியில் பதிவு பண்ணின பி.ஒய். 01 வண்டி கடலூரில் எத்தனை ஓடுகிறது! அந்த வண்டியைக் கடலூர் இல்லத்துக்குக் கொடுத்தால் பாரம் 28-ல் என்.ஓ.சி. வாங்கி, டி.என். 31 நம்பருக்கு மாற்றி, தமிழ்நாட்டு வரியையும் கட்ட வேண்டும். ஆல்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டி வருவதற்கு வண்டியின் விலையையே வரியாகக் கட்டுகிற கதையாகிவிடும். அதனால் புதுச்சேரி நம்பர் வண்டியைப் புதுச்சேரியிலேயே கொடுப்பது அல்லது விற்பது, டி.என். வண்டியை இந்தப் பக்கம் வைத்துக்கொள்வது, பணம் மட்டும் முள்ளோடை எல்லையைத் தாண்டி வரட்டும் போகட்டும். இரண்டு பக்கமும் ஒரே போன் நம்பர், ஆனால் இரண்டு தனி பதிவேடு என்று வைத்தால் இது சுலபம்.

வரிச்சலுகையைப் பற்றியும் கேட்பார்கள். அமெரிக்கா மாதிரி இங்கே காருக்கு ரசீது கொடுத்து வரியைக் கழிக்க முடியாது. 80ஜி என்று எல்லாரும் சொல்கிற தருமக் கழிவு பணமாகக் கொடுத்தால்தான் உண்டு, பொருளாகக் கொடுத்தால் கிடையாது, ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கிடையாது, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. பழைய முறையில் இருப்பவர்கள், சலுகை வேண்டுமென்றால், காரைத் தாங்களே விற்று அந்தப் பணத்தைச் செக்காகவோ யு.பி.ஐ. வழியாகவோ 80ஜி பதிவுள்ள டிரஸ்ட்டுக்குக் கொடுப்பதுதான் வழி. இதை ஏற்பாட்டுக்காரர்கள் முதல் போனிலேயே சொல்லிவிட வேண்டும், மறைத்துவிட்டு அப்புறம் பேச்சு வாங்கக் கூடாது.

கணக்கு விஷயத்தில் மட்டும் எந்தத் தளர்ச்சியும் கூடாது. எந்த வண்டி எவ்வளவுக்குப் போனது, டோ வண்டிக்கு எவ்வளவு, ஆர்.டி.ஓ. கட்டணம் எவ்வளவு, எந்த இல்லத்துக்கு எவ்வளவு போனது, நான்கும் ஒவ்வொரு வண்டிக்கும் எழுதி, கொடுத்த குடும்பத்துக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும். விற்பதை ஒரே புரோக்கரிடம் விடாமல் மூன்று பேரிடமாவது விலை கேட்டு எழுதி வாங்க வேண்டும். இதை எல்லாம் தனி ஆள் ஒருவர் ஆரம்பித்தால் ஆறு மாதத்தில் சந்தேகப் பேச்சு வந்துவிடும், நல்லவராக இருந்தாலும் வரும். அதனால்தான் மாவட்ட ஆட்சியர் தலைமையில் இருக்கிற செஞ்சிலுவைச் சங்கத்தின் கடலூர் கிளை இதை எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். புதுச்சேரியில் சமூக நலத்துறை முன்னின்று செய்யலாம். எந்த இல்லங்கள் முறையாகப் பதிவு பெற்றவை, எதற்கு வண்டி தேவை, எதற்குப் பணம் தேவை என்ற பட்டியலை மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் சமூக நல அலுவலகமும் சேர்ந்து கொடுக்கலாம்.

போக்குவரத்துத் துறைக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மாதத்தில் ஒரு நாள், ஒரு கவுன்ட்டர், தானமாகக் கொடுக்கிற வண்டிகளின் பெயர் மாற்றத்துக்கு மட்டும். நடக்க முடியாத முதியவர்கள் வர வேண்டியதில்லை, வீடியோவில் பார்த்துச் சரி பண்ணிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை. கட்டணத்தைத் தள்ளுபடி பண்ணச் சொல்லி நான் கேட்கவில்லை, அலைச்சலைத் தள்ளுபடி பண்ணினால் போதும்.

வண்டி வைத்திருக்கிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். கொடுப்பதாக இருந்தால் ஓடுகிற நிலையிலேயே கொடுத்துவிடுங்கள். இன்னும் ஒரு மழைக்காலம் பார்க்கலாம் என்று வைத்திருந்தால் ஐம்பதாயிரத்துக்குப் போகிற வண்டி இரும்பு விலைக்கு வந்துவிடுகிறது, இல்லத்துக்குப் போக வேண்டிய பணம்தான் அதில் துருப்பிடிக்கிறது. இந்த ஏற்பாடு வருகிற வரைக்கும் யாராவது நேரில் வந்து டிரஸ்ட்டுக்கு என்று கேட்டால், பெயர் மாற்றம் முடிந்த ஆர்.சி.யைக் கண்ணால் பார்க்காமல் விடாதீர்கள், தேதி போடாத வெற்றுப் பாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், யாராக இருந்தாலும் சரி.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் இதை மனுவாகவும் கொடுக்கப் போகிறேன். ரோட்டரி, லயன்ஸ், வணிகர் சங்கம், ஒர்க்‌ஷாப் உரிமையாளர்கள், ரெக்கவரி வண்டி வைத்திருக்கிறவர்கள், யாராவது முன்வந்தால் பாரம் எழுதுவது, இன்சூரன்ஸ் பார்ப்பது, வரவு செலவு எழுதுவது மூன்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன், என்னோடு வேலை பார்த்த நண்பர்கள் இரண்டு பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். என் முகவரியும் போன் நம்பரும் தங்கள் கடலூர் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன், கேட்கிறவர்களுக்குத் தரலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இன்சூரன்ஸ் ஊழியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.